டெம்ப்ளேட் எடுத்து பேக்கேஜ் ஆரம்பிக்கிறவங்க கவனத்துக்கு

டிஸ்கி: இது பொட்டி தட்டுற மக்களுக்காக எழுதினது. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம், நடுவுல பத்திரம், செக்குபந்தி, முறுக்கு அச்சு எல்லாம் வரும். உதாரணத்துக்கு பைத்தான் மொழியை எடுத்துக்கிட்டேன். எனக்கு நல்லாத் தெரிஞ்சது அதுதான். மத்த மொழிக்காரங்க கோவிச்சுக்க வேணாம், கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

புதுசா ஒரு பேக்கேஜ் ஆரம்பிக்கணும்னு வந்துட்டா நம்ம தொழில்ல ரெண்டு கட்சி உண்டு.

முதல் கட்சி பெருசுங்க கட்சி. "காலி ஃபோல்டர்ல ஆரம்பி. ஒவ்வொரு ஃபைலையும் கையால எழுது. அப்பதான் புத்தி வரும்" என்பார்கள். ரெண்டாவது கட்சி அவசரக்காரங்க கட்சி. "எதுக்கு பாஸ் கஷ்டப்படுறீங்க? ஒரு கமாண்ட் அடிச்சா முப்பது ஃபைல் வந்து விழும். டெஸ்ட், சிஐ, டாக்குமெண்ட், பேட்ஜ் எல்லாம் ரெடி. நீங்க கோடு மட்டும் எழுதினா போதும்" என்பார்கள்.

நான் ரெண்டு கட்சியிலயும் சேரலை. என் கட்சி இதுதான்: டெம்ப்ளேட் எடுக்கலாம். ரெண்டாவது, மூணாவது பேக்கேஜ்னா எடுத்தே ஆகணும்னு கூடச் சொல்வேன். ஆனா டெம்ப்ளேட்டில் இருந்து வந்து விழுகிற ஒவ்வொரு கோப்பும் உங்க பேர்ல ஊருக்குக் கொடுக்கிற ஒரு வாக்கு. எந்தக் கோப்பு எதுக்குன்னு உங்களால ஒரு வரியில சொல்ல முடியலையோ, அதை வச்சுக்காதீங்க. இருக்கிறதை அழிக்கத் தயாரா இருக்கிறவன்தான் டெம்ப்ளேட்டைத் தொடணும்.

ஏன் இப்படிச் சொல்றேன்னு விளக்குறேன்.

டெம்ப்ளேட் என்னதான் பண்ணுது?

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு ஃபோல்டர் நிறைய மாதிரிக் கோப்புகள். மாத்த வேண்டிய இடத்துல மட்டும் ஜோடி ஜோடியா வளைவு அடைப்புக்குறி போட்டு, உள்ளே ஒரு மாறியின் பேர். கமாண்ட் அடிச்சா அது உங்களைக் கேள்வி கேட்கும்: உங்க பேர் என்ன, மெயில் என்ன, பேக்கேஜ் பேர் என்ன, எந்த லைசென்ஸ்? நீங்க சொல்ற பதிலை அந்தந்த இடத்துல நிரப்பிட்டுப் போயிடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சாபீஸ்ல ஆல்பத்தை விரிச்சு வச்சு "இந்த மாடல்ல அடிச்சிடுங்க"ன்னு சொல்றோமே, அதேதான்.

பைத்தான் உலகத்துல இதைப் பெருசா பிரபலப்படுத்தினது 2013-ல ஆட்ரி ராய் கிரீன்ஃபெல்ட் வெளியிட்ட குக்கிகட்டர். பேரே பிஸ்கட் வெட்டுற அச்சு. நம்ம ஊர் பாஷையில் முறுக்கு அச்சுன்னு வச்சுக்குங்களேன். பேர் பைத்தானோட சேர்ந்து வந்தாலும் எந்த மொழிக்கும் இது டெம்ப்ளேட் நிரப்பும். அப்புறம் காப்பியர்னு ஒண்ணு வந்துச்சு. கிட்ஹப்பிலயே 2019 ஜூன்ல இருந்து எந்த ரெப்போவையும் "டெம்ப்ளேட் ரெப்போ"ன்னு குறிச்சு வைக்கிற வசதி இருக்கு. ஜாவாக்காரங்களுக்கு மேவன் ஆர்க்கிடைப், ரஸ்ட்காரங்களுக்கு கார்கோ நியூ, டெபியன்ல பொதி கட்டுறவங்களுக்கு டிஎச்-மேக். ஆக, இது ஒண்ணும் நேத்து முளைச்ச காளான் இல்லை.

நல்லது என்ன?

நல்லதை முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா என்னையும் பெருசுங்க கட்சியில சேர்த்துடுவீங்க. :)

டெம்ப்ளேட்னா வேற ஒருத்தர் பட்ட அடியின் சுருக்கம். ஒரு உதாரணம். பைத்தான் டெம்ப்ளேட் பலதுல உங்க கோடு நேரா மேல் ஃபோல்டர்ல இருக்காது. எஸ்ஆர்சி-ன்னு ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கும். பார்க்கிறவங்களுக்கு "எதுக்கு இந்த வெட்டி ஃபோல்டர்?"னு தோணும். காரணம் இருக்கு. கோடு மேல் ஃபோல்டர்லயே இருந்தா, அங்கே நின்னுக்கிட்டு டெஸ்ட் ஓட்டும்போது பைத்தான் பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற ஃபோல்டரையே எடுத்துக்கும். இன்ஸ்டால் ஆன பேக்கேஜை எடுக்காது. பேக்கேஜ் கட்டும்போது ஒரு டேட்டா கோப்பு விட்டுப் போயிருந்தாலும் உங்க மெஷின்ல டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். ஊர்ல ஒருத்தர் இன்ஸ்டால் பண்ணினதும் "அப்படி ஒரு கோப்பே இல்லை"ன்னு புட்டுக்கும். கோடை எஸ்ஆர்சி-க்குள்ள வச்சு, பேக்கேஜைத் தனியா ஒரு சூழல்ல நிஜமாவே இன்ஸ்டால் பண்ணி, அதுக்கப்புறம் டெஸ்ட் ஓட்டினா இந்தக் குட்டு வீட்டுக்குள்ளேயே உடைஞ்சிடும்.

இந்த மாதிரி ஞானம் ஒவ்வொருத்தருக்கும் அடிபட்டுத்தான் வரணுமா? வேணாமே. அடிபட்டவர் ஒருத்தர் ஃபோல்டராவே போட்டு வச்சிருக்கார், எடுத்துக்குவோம்.

லைசென்ஸும் அப்படித்தான். லைசென்ஸ் கோப்பு இல்லாம கோடைப் பொதுவுல போட்டா, "ஊரே எடுத்துக்கோ"ன்னு அர்த்தம் இல்லை. காப்பிரைட் சட்டப்படி உரிமை முழுக்க எழுதினவர்கிட்டயே இருக்கு, அடுத்தவங்க முறைப்படி அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. கையால ஆரம்பிக்கிற பலபேர் மறக்கிறது இதைத்தான். டெம்ப்ளேட் மறக்காது, முதல்லயே கேட்கும். மனுஷனுக்கு மறதி சகஜம், அச்சுக்கு மறதி கிடையாது.

பத்திர எழுத்தர் கதை

இப்போ கெட்டதுக்கு வருவோம். ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுறவரைப் பார்த்திருப்பீங்க. அவர் ஒவ்வொரு கிரயப் பத்திரத்தையும் புதுசா யோசிச்சு எழுத மாட்டார். கையில ஒரு மாதிரி இருக்கும். பேரு, தகப்பனார் பேரு, தொகை, தேதி மாத்துவார். அதுல தப்பே இல்லை. அந்த வாசகங்கள் எல்லாம் பல வழக்குல அடிபட்டுத் தேறி வந்தவை.

ஆனா நாலு எல்லை இருக்கே, வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால்னு, அந்தச் செக்குபந்தியை மட்டும் மாதிரியில இருந்து எடுக்க முடியாது. இடத்துக்குப் போய்ப் பார்க்கணும், மூலப் பத்திரத்தைப் பார்க்கணும். பழைய மாதிரியில இருந்த எல்லை அப்படியே தங்கிட்டா, எழுத்து அழகா இருக்கும், முத்திரை சரியா இருக்கும், நிலம் மட்டும் வேற ஒருத்தருடையதா இருக்கும்.

மென்பொருள் டெம்ப்ளேட்டும் இதே கதைதான். அதுல வாசகம் எது, எல்லை எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். எந்தக் கோப்பு எங்கே இருக்கணும், மெட்டாடேட்டாவை எந்தப் பேர்ல எழுதணும் என்பதெல்லாம் வாசகம். மாதிரியில இருந்தே எடுங்க. இந்தப் பேக்கேஜ் என்ன செய்யும், என்ன செய்யாது, எந்தப் பைத்தான் பதிப்புல ஓடும், பிரச்சினைன்னா யாருக்குச் சொல்லணும், எந்த லைசென்ஸ் என்பதெல்லாம் எல்லை. இதை நீங்கதான் அளக்கணும்.

அளக்காம விட்டா என்ன ஆகும்? குக்கிகட்டரோட பிரபலமான பைத்தான் டெம்ப்ளேட்டில் "உங்க முழுப்பேர் என்ன"ங்கிற கேள்விக்கு டிஃபால்ட் பதிலா அதை எழுதினவர் பேரே இருந்தது. வேக வேகமா எண்டர் தட்டினா உங்க பேக்கேஜுக்கு ஆசிரியர் அவங்களாயிடுவாங்க! சிரிக்கிறீங்களா? டெபியன்ல டிஎச்-மேக் ஓட்டினா, உதாரணத்துக்குன்னு வால்ல ".ஈஎக்ஸ்" ஒட்டின கோப்புகள் சில வந்து விழும். வேணும்னா பேர் மாத்தி வச்சுக்கணும், வேணாம்னா அழிக்கணும். அப்படியே விட்டுட்டுப் போறவங்க இருக்காங்கன்னுதான், "விவரத்தை இங்கே எழுதவும்" மாதிரி வாசகம் மாறாம கிடந்தா சுட்டிக்காட்ட லிண்டியன்ங்கிற சோதனைக் கருவியில தனிச் சோதனையே வச்சிருக்காங்க. மெஷினை வச்சுப் பிடிக்கிற அளவுக்கு இந்த வியாதி சகஜம்.

பச்சை பேட்ஜ் சொல்ற பொய்

இதைவிட எனக்குக் கோவம் வர்றது வேற ஒண்ணு. நிறைய டெம்ப்ளேட்டில் மாதிரி டெஸ்ட் ஒண்ணு இருக்கும். அது எதையும் சோதிக்காது. எப்பவும் பாஸ் ஆகும். அதை சிஐ ஓட்டும். ஓட்டிட்டு "பாஸிங்"னு பச்சைக் கலர்ல பேட்ஜ் காட்டும். ரீட்மி பக்கத்துல மேலயே ஜம்முன்னு உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பேட்ஜைப் பார்க்கிற மூணாவது மனுஷன் என்ன நினைப்பார்? "ஓ, இவர் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணி வச்சிருக்கார்"னு நம்பி, தன் வேலையில அதைச் சேர்ப்பார். நீங்க பொய் சொல்லணும்னு நினைக்கவே இல்லை. ஆனா உங்க சார்பா டெம்ப்ளேட் சொல்லிடுச்சு. அதே மாதிரி "பாதுகாப்புக் குறை கண்டால் இந்த முகவரிக்கு எழுதவும்"னு ஒரு கோப்பு வரும், முகவரி மாதிரி முகவரியாவே இருக்கும். "பங்களிப்பாளர்களை வரவேற்கிறோம், ஒரு வாரத்துக்குள் பதில் தருவோம்"னு ஒரு கோப்பு வரும். யார் தரப்போறா? ஞாயித்துக்கிழமை மட்டும் லேப்டாப்பைத் திறக்கிற நீங்களா?

வெறும் ஃபோல்டர் யாரையும் ஏமாத்தாது. "ஏதோ ஆரம்பிச்சிருக்காங்க"ன்னு பார்க்கிறவருக்கே தெரியும். அலங்காரம் பண்ணின காலி வீடுதான் ஏமாத்தும்.

அச்சுக்கும் வயசாகும்

டெம்ப்ளேட் ஒரு ஃபோட்டோ மாதிரி. எடுத்த அன்னைக்கு எது சரியோ அதுதான் அதுல இருக்கும். நம்ம தொழில்லயோ மூணு வருஷம்னா ஒரு தலைமுறை.

பைத்தானையே பாருங்க. 2000-ல டிஸ்ட்யூட்டில்ஸ் மொழியோட கூடவே வந்தது. 2004-ல செட்டப்டூல்ஸ். ரொம்ப வருஷமா செட்டப்.பை என்கிற கோப்புதான் எல்லாம். 2016-ல பெப் 518 வந்து பைப்ராஜெக்ட்.டாம்ல் என்கிற புதுக் கோப்பைக் கொண்டு வந்தது. 2020-ல பெப் 621, பேர், பதிப்பு, சார்புகள் எல்லாத்தையும் அதுல எப்படி எழுதணும்னு வரையறுத்தது. 2022 மார்ச்ல செட்டப்டூல்ஸும் அதைப் படிக்க ஆரம்பிச்சது. 2023 அக்டோபர்ல வந்த பைத்தான் 3.12-ல டிஸ்ட்யூட்டில்ஸையே தூக்கிட்டாங்க. அதை நேரடியா இறக்குமதி செஞ்ச பழைய டெம்ப்ளேட் செட்டப்.பை எல்லாம் என்ன பாடுபட்டிருக்கும்னு யோசிச்சுக்குங்க.

சிஐ பக்கம் வாங்க. ஒரு காலத்துல ஓப்பன் சோர்ஸ் டெம்ப்ளேட்னா ட்ராவிஸ் கோப்பு இல்லாம இருக்காது. ட்ராவிஸ் தன்னோட பழைய இலவசத் தளத்தை 2021 ஜூன்ல மூடிட்டாங்க. பைபிஐ-க்கு பேக்கேஜ் ஏத்த, பாஸ்வேர்டை சிஐ-க்குள்ள பூட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்த டெம்ப்ளேட்டுகள் உண்டு. 2024 ஜனவரியில இருந்து பைபிஐ-ல எல்லாருக்கும் ரெண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், அந்த வழி அடைபட்டாச்சு. ரகசியம் எதையும் வச்சுக்காமலே ஏத்துற ட்ரஸ்டட் பப்ளிஷிங் வசதி 2023-லயே வந்தாச்சு. பழைய டெம்ப்ளேட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பைத்தான்காரங்க மட்டும்னு இல்லை. ஜேயூனிட் 4 வந்தது 2006-ல. அதுக்கப்புறமும் பல வருஷம் மேவனோட குவிக்ஸ்டார்ட் ஆர்க்கிடைப் ஜேயூனிட் 3.8.1-ஐத்தான் போட்டுக் கொடுத்துக்கிட்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம், 2016-ல வந்து லட்சோப லட்சம் பேருக்கு முதல் வாசலா இருந்த க்ரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில "இனி புதுசா இதுல ஆரம்பிக்காதீங்க"ன்னு அதிகாரபூர்வமா சொல்லிட்டாங்க.

ஆகவே டெம்ப்ளேட் எடுக்கும்போது முதல்ல பார்க்க வேண்டியது எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்குன்னு இல்லை. கடைசியா அதை யார், எப்போ தொட்டாங்கன்னு பாருங்க. மருந்துக் கடையில தேதி பார்த்து வாங்குறோம் இல்லையா, அது மாதிரி.

"மாமா, என் கோடு இதுல எங்க இருக்கு?"

இதெல்லாம் தொழில்நுட்பப் பிரச்சினை. இதைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு, அது ஆளுங்க சம்பந்தப்பட்டது.

எங்க அக்கா பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். தாத்தா வீட்டுப் பெட்டியில இருந்த பழைய பத்திரங்களைப் பார்த்துட்டு, அதுல இருக்கிற தமிழ் எண்களை இப்போதைய எண்ணா மாத்த ஒரு நிரல் எழுதினா. கேட்க சுலபமா இருக்கும், ஆனா உள்ளே சங்கதி இருக்கு. ௧௨௩-ன்னு கொடுத்தா பைத்தானோட இன்ட் ஃபங்ஷனே 123-ன்னு சொல்லிடும், யூனிகோட்ல அவை தசம இலக்கங்கள். ஆனா பழைய ஆவணத்துல அப்படியா எழுதியிருப்பாங்க? ௨௱௪௰௫-ன்னு இருக்கும், அதாவது 245. ௰-ம் ௱-ம் தசம இலக்கம் இல்லை, அதனால இன்ட் கையை விரிச்சிடும். பன்னிரண்டுன்னா ௰௨, முன்னாடி ௧ இருக்காது. அப்புறம் கால், அரை, மாகாணின்னு பின்னங்கள் வேற. இதையெல்லாம் சமாளிச்சு அறுபது வரியில அழகா எழுதியிருந்தா. மத்தவங்களும் பயன்படுத்தட்டும்னு பேக்கேஜா போட ஆசை.

காலேஜ் சீனியர் ஒருத்தர் "இந்த டெம்ப்ளேட்தான் இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்"னு ஒண்ணைக் கொடுத்திருக்கார். ஓட்டினதும் முப்பத்து சொச்சம் கோப்பு. டாக்கர், டாக்குமெண்ட் தளம், மூணு விதமான லின்ட், கமிட்டுக்கு முன்னாடி ஓடுற கொக்கிகள், நாலு சிஐ கோப்பு. ஒரு கமிட் பண்ணப் போனா ஏழு இடத்துல சிவப்பா எரர். ரெண்டு வாரம் அதைத் தொடவே இல்லை. அப்புறம் ஒருநாள் எங்கிட்ட லேப்டாப்பைக் காட்டி, "மாமா, என் கோடு இதுல எங்க இருக்கு?"ன்னு கேட்டா. அடுத்த வாக்கியம்தான் எனக்குச் சுருக்குன்னு பட்டது: "இதெல்லாம் தெரிஞ்சவங்கதான் பேக்கேஜ் போடணும்போல. எனக்கு இது ஆகாது மாமா."

அறுபது வரிக்குள்ள மத்தவங்க யோசிக்காத ஒண்ணை யோசிச்ச பொண்ணு அது. அவளுக்கு "ஆகாது"ன்னு சொன்னது யாரு? ஒரு அச்சு. முறுக்கு மாவை அருமையா பிசைஞ்சு வச்சவங்ககிட்ட, "அச்சோட மரையைக் கழட்டத் தெரியலையா, அப்போ உனக்குச் சமையலே வராது"ன்னு சொன்ன மாதிரி.

காலி ஃபோல்டர் ஒண்ணைத் திறந்தோம். பைப்ராஜெக்ட்.டாம்ல், அதுல பேர், பதிப்பு, ஒருவரி விளக்கம், குறைஞ்சபட்ச பைத்தான் பதிப்பு, எந்தக் கருவி வச்சுக் கட்டணும்ங்கிறது. பத்து வரி தாண்டலை. எஸ்ஆர்சி-க்குள்ள அவளோட கோடு. ௰௨ கொடுத்தா 12 வரணும், ௨௱௪௰௫ கொடுத்தா 245 வரணும்னு நிஜமான டெஸ்ட். ஒரு ரீட்மி, ஒரு லைசென்ஸ். மொத்தம் அஞ்சே கோப்பு. அன்னைக்கு சாயங்காலமே வேற ஒரு மெஷின்ல இன்ஸ்டால் பண்ணி ஓட்டிப் பார்த்தாச்சு. முகத்தைப் பார்க்கணுமே!

வேடிக்கை என்னன்னா, ஒரு மாசம் கழிச்சு அவளே அந்தப் பழைய டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்திருக்கா. "மாமா, அந்தக் கொக்கி எல்லாம் எதுக்குன்னு இப்போ புரியுது. ரெண்டு மட்டும் எடுத்துக்கிட்டேன்"னா. இதைத்தான் நான் சொல்றேன். டெம்ப்ளேட் கெட்டதில்லை. வரிசைதான் மாறிப்போச்சு. கேள்வி வந்த பிறகு பதில் வரணும். கேள்வியே வராத ஆளுக்கு முப்பது பதிலைக் கொட்டினா மூச்சு முட்டத்தான் செய்யும்.

ஆபீஸ்ல கதை வேற

"அண்ணே, எங்க கம்பெனியில இருபது டீம். ஆளாளுக்கு ஒரு மாதிரி ஆரம்பிச்சா யாருக்கும் ஒண்ணும் புரியாது, டெம்ப்ளேட் கட்டாயம் வேணும்"னு சொல்வீங்க. வாஸ்தவம்தான். அங்கே டெம்ப்ளேட்னா சட்டம். புதுசா சேர்ந்தவர் எந்த ரெப்போவைத் திறந்தாலும் டெஸ்ட் எங்கே, கான்ஃபிக் எங்கேன்னு தேட வேண்டியதில்லை. அந்த ஒரு லாபத்துக்கே வைக்கலாம்.

ஆனா சட்டம்னா அதைப் பார்த்துக்க ஒருத்தர் வேணும். நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல (பேர் வேணாம்) ஒரு நல்ல மனுஷன் தன் சொந்த முயற்சியில டெம்ப்ளேட் ஒண்ணு போட்டார். எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அவர் வேலையை விட்டுப் போனார். டெம்ப்ளேட் போகலை. எல்லாப் பேக்கேஜிலயும் "தொடர்புக்கு"ங்கிற இடத்துல அவர் மெயில்தான். அவர் போய் ரொம்ப நாள் கழிச்சும் புதுசா ஆரம்பிச்ச பேக்கேஜுக்கும் அவரே பொறுப்பாளர்! வெளிய ஒருத்தர் பாதுகாப்பு ஓட்டை ஒண்ணைக் கண்டுபிடிச்சு நல்லெண்ணத்துல அந்த முகவரிக்கு எழுத, அது திரும்பி வந்திருக்கு. அவர் வேற வழியா எங்களைத் தேடிப் பிடிச்சுச் சொன்னதால தப்பிச்சோம். எல்லாருக்கும் ஆணி இருந்தது, அந்த டெம்ப்ளேட் மட்டும் யாரோட ஆணியும் இல்லை.

ஆபீஸ் டெம்ப்ளேட்டுக்கு நான் கேட்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு, பொறுப்பாளர் யார்னு டீம் பேர்ல எழுதி வைங்க, ஆள் பேர்ல வேணாம். ரெண்டு, ஏன் இந்தக் கோப்பு இருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒருவரிக் காரணம் எழுதி வைங்க. காரணம் செத்துப் போனா கோப்பையும் தூக்கிடலாம். காரணம் எழுதலேன்னா தூக்க யாருக்கும் தைரியம் வராது, அது பாட்டுக்குக் கிடக்கும்.

அச்சு மாறினா முறுக்கு மாறுமா?

இன்னொரு சூட்சுமம். குக்கிகட்டர் ஒருதரம் பிழிஞ்சு கொடுத்ததோட சரி. நாளைக்கு டெம்ப்ளேட்டைத் திருத்தினா உங்க பேக்கேஜுக்கு ஒண்ணும் தெரியாது. கிட்ஹப் டெம்ப்ளேட் ரெப்போவும் அப்படியே. அதுல இருந்து பிறக்கிற ரெப்போவுக்கு மூலத்தோட வரலாறு ஒட்டி வராது, அதனால சுலபமா இழுத்துச் சேர்க்க முடியாது.

காப்பியர் கொஞ்சம் வேற மாதிரி. எந்த டெம்ப்ளேட்டோட எந்தப் பதிப்புல இருந்து வந்தோம், என்னென்ன பதில் சொன்னோம்ங்கிறதை ஒரு கோப்புல எழுதி வச்சுக்கும். பின்னாடி அப்டேட் கொடுத்தா புது டெம்ப்ளேட்டோட மாற்றத்தை உங்க கோடுமேல பொருத்திப் பார்க்கும், முட்டிக்கிற இடத்தை உங்ககிட்டயே விட்டுடும். குக்கிகட்டர் டெம்ப்ளேட்டுக்கு இதே வேலையைச் செய்ய க்ரஃப்ட்னு ஒரு கருவி இருக்கு.

எது வேணும்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணுங்க. தனியாள், ஒரே ஒரு பேக்கேஜ்னா ஒருதரம் பிழிஞ்சது போதும், அப்புறம் அது உங்க முறுக்கு. இருபது பேக்கேஜை ஒரே டீம் பார்க்குதுன்னா தொடர்பு வச்சுக்கிற கருவிதான் சரி. இல்லேன்னா ட்ராவிஸ் மாதிரி ஒண்ணு கடையை மூடும்போது இருபது இடத்துல கையால திருத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.

கடைசியா, என் சிபாரிசு

முதல் பேக்கேஜா? கையால ஆரம்பிங்க. அஞ்சு கோப்பு போதும். இல்லேன்னா ரொம்ப ஒல்லியான டெம்ப்ளேட்டா எடுங்க. ரஸ்ட்டோட கார்கோ நியூ கிட்ட இருந்து கத்துக்கணும். ஒரு கார்கோ.டாம்ல், ஒரு மூலக்கோப்பு, கிட்டுக்கு வேண்டியது, அவ்ளோதான். பைத்தான்லயும் யூவி, போயட்ரி மாதிரிக் கருவிகள்ல இதே மாதிரி ஒல்லியான தொடக்கம் உண்டு.

ரெண்டாவது, மூணாவது பேக்கேஜா? நல்லா பராமரிக்கிற டெம்ப்ளேட் எடுங்க. ஓட்டின உடனே கோடு எழுதாதீங்க. ஒரு அரைமணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு கோப்பாத் திறந்து "நீ எதுக்கு இங்கே?"ன்னு கேளுங்க. பதில் தெரியலைன்னா தேடிப் படிங்க. படிச்சும் உங்களுக்குத் தேவையில்லைன்னா அழிச்சிடுங்க. வேணும்கிறபோது திரும்ப எடுத்துக்கலாம், டெம்ப்ளேட் எங்கேயும் ஓடிடாது. மாதிரி டெஸ்ட்டை அழிச்சுட்டு உங்க நிஜ டெஸ்ட் ஒண்ணு எழுதுற வரைக்கும் பச்சை பேட்ஜ் போடாதீங்க.

பேரை மட்டும் எண்டர் தட்டி முடிவு பண்ணாதீங்க. பைபிஐ-ல ஹைஃபன், அண்டர்ஸ்கோர், புள்ளி எல்லாம் ஒண்ணுதான், பெரிய எழுத்து சின்ன எழுத்தும் ஒண்ணுதான். அதனால முன்னாடியே தேடிப் பாருங்க. இன்ஸ்டால் பண்ற பேரும் இறக்குமதி பண்ற பேரும் வேற வேறயா இருக்கலாம். பில்லோ-வை நிறுவிட்டு பிஐஎல்-னு கூப்பிடுறோம். நம்ம ஓப்பன்-தமிழை நிறுவிட்டு தமிழ்னு கூப்பிடுறோம். முடிஞ்சவரைக்கும் ரெண்டையும் ஒண்ணா வைங்க, புதுசா வர்றவங்க வாழ்த்துவாங்க.

லைசென்ஸ் கேள்வி வரும்போது லிஸ்ட்ல முதல்ல இருக்குன்னு எம்ஐடி-யைத் தட்டாதீங்க. உங்க கோடை எடுத்து மாத்துறவர், அதை வெளியிட்டா மூலத்தையும் கொடுக்கணும்னு நினைக்கிறீங்களா, ஜிபிஎல் பக்கம் போங்க. "பேரை மட்டும் விட்டு வைங்க, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்"னா எம்ஐடி. இது தொழில்நுட்ப முடிவு இல்லை, உங்க மனசைக் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு. இதைச் சொல்ல எந்த டெம்ப்ளேட்டாலும் முடியாது.

ரீட்மியோட முதல் பத்தியும் அப்படித்தான். "இது என்ன செய்யும், யாருக்குப் பயன்படும், எங்கே உதைக்கும்"னு மூணு வரி உங்க பாஷையில எழுதுங்க. அந்த மூணு வரி வரலைன்னா, முப்பது கோப்பு இருந்தும் பேக்கேஜ் இன்னும் ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். வந்துடுச்சுன்னா, அஞ்சே கோப்பு இருந்தாலும் ஆரம்பிச்சாச்சு.

அவ்ளோதாங்க. உங்ககிட்ட புதுசா யாராவது வந்து "அண்ணே, பேக்கேஜ் போடணும், என்ன டெம்ப்ளேட் எடுக்கட்டும்?"னு கேட்டா, லிங்க்கைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி "நீ என்ன எழுதியிருக்கே, காட்டு"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க கோடு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும், மத்ததைப் பொறுமையா சேர்த்துக்கலாம்.

வர்ட்டா?